எஸ்தர் எந்த ஃப்ரெட்டில் பாடுகிறாள்?

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் வாசலில் இருக்கிற மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. பேன்ட்டில் துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. லேசாக எச்சில் தொட்டு வைத்தேன்... சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். அதற்கும் சிவப்புதான். எனக்குப் பின்னால் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். "க்யா அங்கிள், ஜல்தி கரோ நா!" என்று அவசரப்படுத்தியது ஒரு குரல்.

நான் வேலை பார்ப்பது பம்பாயில், டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில். ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வலது கையில் கட்டு போட்டிருந்ததால், இடது கை ஆள்காட்டி விரலைத்தான் மெஷினில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த விரலைத்தான் இப்போது மெஷினுக்குப் பிடிக்கவில்லை.

செக்யூரிட்டி பாண்டே என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைதானே சாப்? விரல் நுனி ஏன் இப்படிக் காய்ச்சுக் கிடக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

"கிட்டார்" என்றேன்.

பாண்டே என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். வழுக்கை, தொப்பை, கையில் டிபன் பை. "இஸ் உமர் மே?" என்றார். இந்த வயசிலயா என்று கேட்கிறார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பாண்டேயிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டு சமாச்சாரம் எல்லாம் அத்துப்படி. பால்கனியில் புறா முட்டையிட்டது, சொசைட்டி மீட்டிங்கில் தண்ணீர் டேங்க் சண்டை — எல்லாம் எழுதியாயிற்று. ஒன்றை மட்டும் இத்தனை நாளாக எழுதவில்லை. என் மனைவி எஸ்தர் வீட்டில் இல்லை.

பயந்துவிடாதீர்கள். சண்டை எல்லாம் ஒன்றுமில்லை. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போயிருக்கிறாள்.

செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே வெளிநாடு போக ஆசை. மாமியார் வீடு, பிள்ளை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அது தள்ளித் தள்ளிப் போனது. பையன் ஜெபின் வேலை கிடைத்து பெங்களூரு போன கையோடு, "நான் இப்ப பரீட்சை எழுதட்டா?" என்று கேட்டாள். மகன் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாள். முதல் தடவையிலேயே பாஸ்! நான்தான் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். விமானம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான், என்ன காரியத்துக்கு ஸ்வீட் கொடுத்தோம் என்று உறைத்தது.

நம்ம ஆட்களில் புருஷன் துபாய் போவான், பெண்டாட்டி இங்கே காத்திருப்பாள். அதற்கென்று சட்டதிட்டம் எல்லாம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொல்வார்கள். பெண்டாட்டி போய்ப் புருஷன் வீட்டில் இருந்தால்? "உமக்கென்னவே, ஜாலியா இருப்பீரு!" என்கிறார்கள். சீரியலில்கூட இதற்கு ஒரு சீன் கிடையாது. ரெண்டு பேருக்கு வைத்த டீயில் ஒரு டம்ளரைக் கொட்டிவிட்டு நிற்கிறவனை எந்த கேமரா காட்டும்?

எனக்கு மிகவும் வெறிச்சோடிப் போனது சாயங்கால ஜெபம்தான். எங்கள் வீடுகளில் அது உண்டு, திருநெல்வேலியில் இருந்தாலும் சரி, தாராவி, கோவண்டி, நெருள் எங்கே இருந்தாலும் சரி. விளக்கு வைத்த பிறகு எல்லாரும் பாயில் உட்கார வேண்டும். முதலில் ஒரு பாட்டு, பிறகு வேத வாசிப்பு, பிறகு ஜெபம். எங்கள் வீட்டில் பாட்டை எடுப்பது எஸ்தர். ஆர்மோனியம், சுதிப்பெட்டி ஒன்றும் கிடையாது. வாயில் வருகிற இடத்தில் ஆரம்பிப்பாள். எப்போதும் உச்சியில்தான் வரும். சரணத்துக்குப் போனால் என் தொண்டை கிழிந்துவிடும். "கொஞ்சம் இறக்கி எடேன்ட்டி" என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டாள். "கர்த்தருக்குத்தானே பாடுதோம், உங்களுக்கா பாடுதோம்?" என்பாள்.

அவள் போன புதிதில் வீடியோ காலில் ஜெபம் பண்ணிப் பார்த்தோம். ஐயோ, அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள்! அவள் முதல் வரியை முடிக்கும்போதுதான் அது எனக்கு வந்து சேரும். நான் அதைப் பிடித்துப் பாடினால், அவளுக்கு அது இன்னும் பிந்திப் போய்ச் சேரும். அவள் எனக்காக நிற்பாள், நான் அவளுக்காக நிற்பேன். பிறகு ரெண்டு பேரும் ஒன்றாக ஆரம்பிப்போம், அதுவும் ஒன்றாக வராது. பேசும்போது அந்த இடைவெளி தெரியாது. பாடினால்தான் நடுவில் எத்தனை கடல் இருக்கிறது என்று தெரிகிறது.

கடைசியில் அவளே வழி சொன்னாள். "காலைல நான் பாட்ட வாய்ஸ் நோட்ல அனுப்பிருதேன். நீங்க சாயங்காலம் ஜெபத்துல போட்டுக்கிடுங்க." அப்படித்தான் நடந்தது. பாய் விரித்து, நடுவில் போனை வைத்து, எஸ்தரைப் பாடவிட்டு, நான் கூடவே பாடுவேன்.

ஒரு நாள் லாஃப்டைச் சுத்தம் பண்ணும்போது ஜெபினின் கிட்டார் கையில் அகப்பட்டது. பத்தாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கி, பதினொன்றாம் வகுப்பில் மறந்துபோனது. தூசி தட்டி மடியில் வைத்தேன். ஒரு யோசனை வந்தது. இவள் பாட்டுக்கு நான் இதை வாசித்தால் என்ன? லீவில் வரும்போது, ஜெபத்தில் அவள் பாட்டை எடுத்த உடனே, நான் சட்டென்று கூடவே வாசித்தால்... அவள் முகம் எப்படி இருக்கும்?

அவளிடம் மூச்சு விடவில்லை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிட்டார் கிளாஸில் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் நிவேதா, தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஜெபினைவிடச் சின்னவள். பாதி இந்தி, பாதி தமிழ். "அங்கிள், டென்ஷன் மத் லோ, விரல் வலிச்சாத்தான் கிட்டார் ஆயேகா" என்பது அவள் எனக்குச் சொன்ன முதல் பாடம். கவலைப்படாதீர்கள், வலித்தால்தான் கிட்டார் வரும் என்கிறாள்.

ரெண்டாவது பாடம் ஸ்கேல். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பி பதித்துக் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதுதான் ஃப்ரெட். அதில் எங்கெங்கே விரல் வைக்க வேண்டும் என்று ஒரு பேப்பரில் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்தாள். நம்ம வாசல் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரியே இருந்தது. அந்தப் புள்ளிகளை வரிசையாகத் தொட்டால் ச-ரி-க-ம வந்துவிடும். அதில் ஒரு புள்ளி மட்டும் சிவப்பு. அது ரூட். பாட்டு நிற்கிற இடம். நம்ம பாஷையில் ஆதார ஸட்ஜம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? அந்தப் புள்ளிக் கோலத்தை அப்படியே தூக்கி ரெண்டு ஃப்ரெட் தள்ளி வைத்தால், அதே ச-ரி-க-ம வேறு சுதியில் வரும். மேலே தள்ளினால் மேல் சுதி. கீழே இறக்கினால் கீழ் சுதி. விரல்களுக்கு நடுவில் இருக்கிற தூரம் மாறவே கூடாது, அவ்வளவுதான். வீட்டையே பெயர்த்துக்கொண்டு போய் வேறு ஊரில் வைத்த மாதிரி. பம்பாய்க்கு வந்த நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

ஆனால் சிவப்புப் புள்ளியைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. நான் ஷேப்பைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டு தப்பான ஃப்ரெட்டில் நிற்பேன். "அங்கிள், ரூட் கிதர் ஹை? பெஹ்லே ரூட் பக்டோ!" என்று நிவேதா கத்துவாள். முதலில் ரூட்டைப் பிடி. பஸ்ஸில் டிராம்பே போகும்போது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஓடவிடுவேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு நாள், "நரம்புத் தளர்ச்சிக்கு கோவண்டியில நல்ல டாக்டர் இருக்காரு தம்பி" என்று அக்கறையாகச் சொன்னார்.

விரல் காய்த்தது. வலி போனது. இனி எஸ்தரின் வாய்ஸ் நோட்டுக்கு வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சேரவில்லை.

மூன்றாவது ஃப்ரெட்டில் ரூட்டை வைத்தால் அவள் கொஞ்சம் மேலே நிற்கிறாள். நான்காவதில் வைத்தால் கொஞ்சம் கீழே. ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறாள் மகராசி! பிளாட்பாரத்துக்கும் ட்ரெயினுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்குமே, அங்கே. தினமும் வேறு வேறு பாட்டு, ஆனால் கிட்டத்தட்ட அதே சந்து. கிளாஸில் போய் முறையிட்டேன். வாய்ஸ் நோட்டைக் கேட்ட நிவேதா தோளைக் குலுக்கினாள். "ஆன்ட்டி உங்க பக்கம் வரமாட்டாங்க அங்கிள். நீங்க அவங்க பக்கம் போங்க. கம்பியை லூஸ் பண்ணுங்க."

அப்படியே செய்தேன். எஸ்தர் குரலைப் போட்டுவிட்டு, ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அவள் நிற்கிற இடத்துக்குக் கிட்டாரையே இறக்கினேன். சேர்ந்தது! அன்றைக்கு வீட்டில் நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. ஒரே பாட்டை எத்தனை தடவை வாசித்தேனோ, ஞாபகமில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவள் எப்போதும் உச்சியில் எடுக்கிறவளாயிற்றே, இப்போது ஏன் இவ்வளவு கீழே இறங்கிவிட்டாள்? வயசா? குளிரா? போனில் கேட்டேன். "தொண்டை கிண்டை சரியில்லையா?" "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். சரி, நான் ஆசைப்பட்ட மாதிரி இறக்கி எடுக்கப் பழகிவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம். அவளுடைய காண்ட்ராக்ட் முடிய வந்துவிட்டது. நீட்டிக்கிறாயா, இல்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். லீவு முடிந்து போனதும் பதில் சொல்ல வேண்டும். "நீங்க என்ன சொல்லுதிய?" என்று போனில் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன். பெரிய மனுஷன் இல்லையா நான்!

உள்ளே என்ன ஓடியது என்பது எனக்குத்தான் தெரியும். வந்துவிடு, வந்துவிடு, வந்துவிடு. அவ்வளவுதான் ஓடியது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்ததை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? நான் கேட்காததை என் கிட்டார் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டதும் அவளே மனசு மாறிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

லீவில் வந்தாள். ரெண்டு வாரம். முதல் நாள் சாயங்காலம் பாயில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய், முதுகுக்குப் பின்னால் கிட்டாரை மறைத்துக்கொண்டு வந்து, மடியில் வைத்தேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாட்டை எடு" என்றேன் கெத்தாக. விரல் நான்காவது ஃப்ரெட்டில் தயாராக இருந்தது.

எடுத்தாள் பாருங்கள்... உச்சியில்! பழைய உச்சியில்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கோலத்தைத் தூக்கிக்கொண்டு ஐந்துக்கு ஓடினேன். இல்லை. ஏழு? இல்லை. எட்டில் நிற்கிறாளா, ஒன்பதிலா? நான் தேடுவதற்குள் அவள் சரணத்துக்குப் போய்விட்டாள். டொய்ங் டொய்ங் என்று நான் மட்டும் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டை நிறுத்திவிட்டாள். "என்னத்தத் தேடுதிய?"

"உன் சுதியத்தான்! வாய்ஸ் நோட்ல எல்லாம் கீழதான எடுத்த? அதுக்குத்தான நான் கம்பியெல்லாம் இறக்கி வச்சிருக்கேன்!"

எஸ்தர் என் மடியிலிருந்த கிட்டாரைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள். "அங்க எங்க சத்தமா பாடுறதுக்கு? வாடகை வீட்டுல நாலு பேரு. அடுத்த ரூம்ல ஒரு மலையாளத்துப் பிள்ள நைட் டியூட்டி முடிஞ்சு வந்து அப்பத்தான் படுக்கும். சுவரு அட்ட மாதிரி இருக்கும். போர்வைய தலையோட மூடிக்கிட்டு, போன வாய்க்கிட்ட வச்சுக்கிட்டுல்லா பாடுவேன்."

இத்தனை மாதம் அவள் குரலுக்குச் சுதி சேர்த்தேன் என்று நினைத்தது, ஒரு போர்வைக்குச் சுதி சேர்த்ததுதான். தொண்டையா, வயசா, குளிரா என்று எல்லாம் யோசித்தேன். சத்தமாகப் பாட ஒரு இடமில்லாமல் இருப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. கிட்டாரைக் கீழே வைத்தேன். "முதல்ல இருந்து பாடு" என்றேன். பாடினாள். நான் வாசிக்கவில்லை, பாடவும் இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரெண்டு வாரம் ரெண்டு நாளாக ஓடிவிட்டது. காண்ட்ராக்ட் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டி மூடவில்லை. இட்லிப்பொடி, கருவாடு, ரசப்பொடி என்று அடைத்து வைத்திருக்கிறாள், எப்படி மூடும்? நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள். "போனதும் நான் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்—"

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டத்தைத்தான் கேக்கேன்."

பெட்டிமேல் உட்கார்ந்தபடியே சொன்னேன். "எனக்கு நீ இங்க இருக்கணும். நீ இல்லாம என்னால முடியல எஸ்தர்." இவ்வளவு வருஷக் கல்யாணத்தில் இப்படி ஒரு வாக்கியம் நான் பேசியதில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஜிப்பை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "இத நீங்க சொல்லமாட்டியளான்னு தினமும் நெனச்சேன்" என்றாள். "ஆனா எனக்கு அந்த வார்டு பிடிச்சிருக்கு. இங்க என்னைய 'ஏ சிஸ்டர், ஏ சிஸ்டர்'னு வெரட்டுனாங்க. அங்க டாக்டரே வந்து 'எஸ்தர், நீ என்ன நினைக்க'ன்னு கேக்காங்க. இன்னும் ஒரே ஒரு வருஷம் இருந்துட்டு வாரேன். விடுவியளா?"

ஒரு நிமிஷம் மனசு கசந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று இருந்த அதே முகம்.

"இரு" என்றேன். "ஆனா ஒரு கண்டிஷன். போர்வைக்குள்ள பாடக் கூடாது. எங்கயாவது போய் வாயத் தொறந்து பாடு. காடோ, ரோடோ... எங்க வேணாலும் நின்னு பாடு."

சிரித்துக்கொண்டே அழுதாள். ஜிப்பும் எப்படியோ மூடிவிட்டது.

ஒன்று மட்டும் தெரிந்தது எனக்கு. நம்ம வீடுகளில் 'உன் இஷ்டம்' என்கிற வார்த்தையைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லி, வேண்டும் என்பதை வேண்டும் என்றே சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. எனக்கும்தான் கிடைக்கவில்லை. கேட்ட பிறகு வீட்டில் தனியாக இருப்பது வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. கம்பிகளை மறுபடியும் முறுக்கி, ஊரோடு ஒத்த சுதிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நிவேதாவுக்குப் பரம சந்தோஷம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் ஒலித்தது. எஸ்தரின் வாய்ஸ் நோட். வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் பார்க்கிங், ஞாயிறு காலை ஒரு ஈ காக்கா இருக்காது, அங்கே நின்று பாடுகிறேன் என்று முதலில் சொன்னாள். காற்று இரைந்தது. ஏதோ ஒரு பறவை கத்தியது. பிறகு எஸ்தர் எடுத்தாள்... உச்சியில். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, முழு வால்யூம் வைத்து, கோலத்தைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போனேன். அங்கே கட்டம் எல்லாம் குறுகிப் போகிறது, என் விரல் கொள்ளவில்லை. பாதி ஸ்வரம் தப்பு. நான் விடவில்லை.

பாட்டு முடிவதற்குள் பெல் அடித்தது. கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா, கையில் கரண்டியோடு அப்படியே மாடியேறி வந்திருக்கிறார். "எஸ்தர் ஆ கயி க்யா?" எஸ்தர் வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே, எனக்குப் பின்னால் எட்டி எட்டி வீட்டுக்குள் தேடுகிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"இல்ல தாயி, குரல் மட்டும்தான் வந்திருக்கு" என்றேன். "ஆனா முழுசா வந்திருக்கு."